பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் ஆக்ஸில் முறுக்கமும் ட்ராக்‌ஷன் பாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி ஜிப்சி, மஹிந்திராவின் பழைய ஜீப்புகள், முதல் தலைமுறை தார் போன்ற வண்டிகளைக் காட்டுப்பாதையில் ஓட்டுபவர்களும், அவற்றுக்குப் பட்டறையில் வேலை செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ட்ராக்‌ஷன் பார் (ஆக்ஸில் திரும்பாமல் தடுக்க அதைச் சேஸிஸோடு இணைக்கும் சட்டம்) முறுக்கை மட்டும் தாங்க வேண்டும். ஸ்பிரிங்கின் மற்ற எந்த அசைவுக்கும் அது குறுக்கே நிற்கக் கூடாது. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் இந்த ஒரு விதியிலிருந்து வருபவைதான்.

ஆக்ஸில் முறுக்கம் என்றால் என்ன?

எஞ்சின் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதே அளவு முறுக்கு ஆக்ஸில் ஹவுசிங்கை (ஆக்ஸிலின் வெளிக்கூட்டை) எதிர்ப்பக்கம் சுழற்றப் பார்க்கும். பின் ஆக்ஸிலில் பினியனின் (எஞ்சின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் பல்சக்கரத்தின்) மூக்கு மேலே எழும்ப முயலும். காயில் ஸ்பிரிங் வண்டிகளில் இதைத் தடுக்கத் தனியாகக் கம்பிகள் உண்டு. பட்டை ஸ்பிரிங் வண்டியில் அந்த வேலையும் பட்டையின் தலையில்தான் விழுகிறது. வண்டியின் எடையைச் சுமப்பது, ஆக்ஸிலை முன்பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடிப்பது, முறுக்கைத் தாங்குவது ஆகிய மூன்றையும் அதே பட்டைக்கட்டு செய்ய வேண்டும்.

முறுக்கு அதிகமானால் பட்டையின் முன்பாதி ஆக்ஸிலுக்கு அருகே மேல்நோக்கியும், பின்பாதி கீழ்நோக்கியும் வளைந்து ‘எஸ்’ வடிவம் எடுக்கும். ஹவுசிங் தன் இடத்திலேயே திரும்பிவிடும். ஆஃப்ரோடு வட்டாரத்தில் ‘ஆக்ஸில் ராப்’ என்று சொல்வது இதைத்தான்.

கொஞ்சம் வளைந்தால் என்ன? ஸ்பிரிங் வளையத்தானே செய்யும்?

வளைந்து அங்கேயே நின்றால் பெரிய சேதம் இல்லை. திரும்பி வரும்போதுதான் ஆபத்து. பாறை மேட்டில் லோ கியரில் ஏறுகிறீர்கள், டயர் பிடித்திருக்கிறது, பட்டை வளைந்து விசையைச் சேர்த்து வைத்திருக்கிறது. டயர் ஒரு கணம் வழுக்கியதும் அந்த விசை மொத்தமும் விடுபட்டு ஹவுசிங் படாரென்று பழைய நிலைக்குத் திரும்புகிறது. டயர் மறுபடி பிடிக்கிறது, மறுபடி வளைகிறது, மறுபடி விடுபடுகிறது. நொடிக்குப் பல முறை இது நடந்தால் பின்சக்கரங்கள் தரையைத் தட்டித் தட்டிக் குதிக்கும். மேட்டில் பாதி தூரம் ஏறியதும் பின்பக்கம் ‘தட தட தட’ என்று அடித்துக்கொண்டு வண்டி நின்றுவிடுவது இதனால்தான்.

அந்தக் கட்டத்தில் பலர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்துவார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். குதிக்கத் தொடங்கியதும் காலை எடுத்துவிட்டு, பின்னால் இறங்கி, வேறு தடத்தில் முயலுங்கள். ஜாயிண்ட் கிராஸ் (சுழலும் ஷாஃப்ட்டை வளைய விடும் சிலுவை வடிவ மூட்டு) முறிவது பெரும்பாலும் அந்த நான்கைந்து குதிப்புகளில்தான்.

எதெல்லாம் உடையும்?

முதலில் போவது, ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். பினியன் மேலே திரும்பும்போது கிராஸின் கோணம் அதன் எல்லையைத் தாண்டி, கிராஸைப் பிடித்திருக்கும் யோக்கின் காதுகள் ஒன்றோடொன்று முட்டும். அங்கே விரிசல் விடும். ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய விடும் ஸ்லிப் ஜாயிண்ட் முழுக்க உள்ளே போய் முட்டினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டியின்) அவுட்புட் பேரிங்கும் சீலும் அடிபடும். பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். மெயின் பட்டை, முன் கண்ணுக்கும் (முன்முனையிலுள்ள வளையத்துக்கும்) பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டுக்கும் இடையில் நிரந்தரமாக நெளிந்துபோவதும் உண்டு. அப்படி நெளிந்த பட்டையைத் தட்டி நிமிர்த்திப் போடுவதில் பயனில்லை. அது மறுபடி அதே இடத்தில்தான் நெளியும்.

என் வண்டியில் இருப்பது இந்தக் கோளாறுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டிக்கு வெளியே, பாதுகாப்பான தூரத்தில் ஒருவர் நின்று, நீங்கள் மேடு ஏறும்போது கைப்பேசியில் மெதுவேகப் படம் எடுக்கட்டும். அல்லது சேஸிஸில் ஒரு சிறு கேமராவைப் பினியனைப் பார்த்தபடி கட்டிவிடுங்கள். பினியன் மூக்கு மேலே போய்வருவது படத்தில் தெளிவாகத் தெரியும். வண்டியைக் கட்டி நிறுத்திவிட்டுக் கிளட்ச்சை விட்டுப் பார்ப்பது, அடியில் ஆளைப் படுக்கவைத்துப் பார்க்கச் சொல்வது போன்ற சோதனைகள் உயிரோடு விளையாடுவது. வேண்டாம்.

ஆனால் படம் எடுப்பதற்கு முன்பே சில இடங்களைக் கையால் பார்த்துவிட வேண்டும். யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா? ஸ்பிரிங் கண்ணிலும் ஷேக்கிளிலும் (முனையை முன்பின் ஆடவிடும் இணைப்புத் துண்டிலும்) உள்ள புஷ் தேய்ந்து ஆட்டம் காட்டுகிறதா? சென்டர் போல்ட்டின் தலை, ஆக்ஸில் பேடின் குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? கிராஸில் ஆட்டம் உண்டா? பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள் திறந்துகொண்டிருக்கின்றனவா? இவற்றில் எது தளர்ந்தாலும் கியர் போட்டதும் ‘டக்’ என்று சத்தம் வரும். அதைக் கேட்டு ஆக்ஸில் முறுக்கம் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. பழைய வண்டிகளில் பாதிப் பிரச்சினை புது புஷ், புது யூ போல்ட்டோடு முடிந்துவிடும். யூ போல்ட்டைக் கழற்றினால் அதையே திரும்பப் போடாதீர்கள். முறுக்கி இழுபட்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது.

எந்தெந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

1985-ல் வந்த ஜிப்சிக்கு நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். வில்லிஸ் வழிவந்த மஹிந்திரா சிஜே3பி, எம்எம்540 போன்றவையும் அப்படியே. 2010-ல் வந்த தார் சிஆர்டிஇ-க்கு முன்னால் டார்ஷன் பார், பின்னால் மட்டும் பட்டை. 2020-ல் வந்த புதிய தாரிலும், இந்தியாவுக்கு 2023-ல் வந்த ஜிம்னியிலும் பின்னால் காயில் ஸ்பிரிங்கும் கம்பிகளும் இருப்பதால் இந்தக் குறிப்புகள் அவற்றுக்குத் தேவையில்லை. இசூசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளின் பின்பக்கம் இன்னும் பட்டைதான்.

கம்பெனி டயர், கம்பெனி உயரத்தோடு ஓடும் ஜிப்சிக்கு ட்ராக்‌ஷன் பார் தேவைப்படுவது அபூர்வம். பெரிய டயர், குறைந்த கியர் விகிதம், டிஃபரன்ஷியல் லாக்கர் (இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழலும்படி பூட்டுவது), உயரம் கூட்டும் வேலை ஆகியவை சேரச் சேரத்தான் தேவை வருகிறது. லாக்கர் போட்ட பிறகு பிரச்சினை தலைதூக்குவதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு சக்கரம் சும்மா சுழன்று முறுக்கை வீணாக்கியது. இப்போது இரண்டும் சேர்ந்து பிடிப்பதால் பட்டைக்கு முழு முறுக்கும் வந்து சேர்கிறது.

ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றியதும்தான் குதிப்பு தொடங்கியது. பட்டை அதே பட்டைதானே?

பட்டை மாறவில்லை, ஆனால் அதன் மேல் விழும் முறுக்கு மாறிவிட்டது. இந்தக் கணக்கைப் பட்டறைகளில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டயர் தரையைத் தள்ளும் விசை தரைமட்டத்தில் இருக்கிறது. அந்த விசையை வண்டிக்குக் கடத்துவது பட்டை. இரண்டுக்கும் இடையிலுள்ள உயரம்தான் நெம்புகோலின் கை. அதாவது பட்டை தாங்க வேண்டிய முறுக்கு, தள்ளும் விசையைத் தரையிலிருந்து பட்டை இருக்கும் உயரத்தால் பெருக்கினால் வருவது.

ஜிப்சியில் கம்பெனி அமைப்பில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது. 31 அங்குல டயர் போட்டிருப்பதாக வைத்துக்கொண்டால் ஆக்ஸிலின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 37 செ.மீ. உயரத்தில் நிற்கும். பட்டை அதற்கு 7 செ.மீ. கீழே என்று வைப்போம். உயரம் 30 செ.மீ. பட்டையை மேலே மாற்றினால் 44 செ.மீ. செங்குத்தான மேட்டில் பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 7,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 700 கிலோ விசையோடு தள்ளினால், கீழே இருந்த பட்டைக்கு 2,100 நியூட்டன் மீட்டர் முறுக்கு. மேலே போன பட்டைக்கு 3,080. எஞ்சினில் ஒன்றும் கூட்டாமலே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது.

ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து உயரம் கூட்டும்போதும் இதே கணக்குதான். பிக்கப்புகளின் பின்னால் 3 அங்குலக் கட்டை வைத்தால் நெம்புகோல் 3 அங்குலம் நீள்கிறது. கட்டைமேல் கட்டை அடுக்குவதை எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். முன் ஆக்ஸிலில் கட்டையே கூடாது. பிரேக் பிடிக்கும்போது அது பிதுங்கி வெளியே வந்தால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இல்லை.

பார் போடாமல், ஸ்பிரிங்கிலேயே சரிசெய்ய முடியாதா?

ஓரளவுக்கு முடியும். சாலையில் ஓடி, மாதம் ஒரு முறை காட்டுக்குப் போகும் வண்டிக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான். மெயின் பட்டைக்கு அடியில், முன் கண்ணிலிருந்து ஆக்ஸில் வரைக்கும் மட்டும் ஒரு தடித்த அரைப்பட்டை சேர்க்கலாம். ‘எஸ்’ வளைவு தொடங்கும் இடம் முன்பாதிதான் என்பதால் அங்கே கூட்டும் விறைப்பு நேராகப் பலன் தரும். பட்டைக்கட்டின் முன்பாதியில் கிளிப்புகளை இறுக்கமாக வைப்பதும் இதே வழியில் உதவும். இரண்டாவது பட்டையின் நுனியை மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றி வளைத்துப் போடுவது ராணுவ வண்டிகளில் பழக்கம். மெயின் பட்டை உடைந்தாலும் ஆக்ஸில் கழன்று ஓடாது என்பது அதன் பெரிய பயன்.

ஆக்ஸிலை முன் கண்ணுக்கு நெருக்கமாக வைத்து, ஸ்பிரிங்கின் முன்பாதியைக் குட்டையாக்குவது இன்னொரு வழி. அமெரிக்காவில் கிரைஸ்லர் தன் கார்களில் 1960-களிலேயே இதைச் செய்தது. குட்டையான பாதி விறைப்பாக இருந்து முறுக்கைத் தாங்கும், நீளமான பாதி மென்மையைத் தரும்.

விறைப்பைக் கூட்டக் கூட்டச் சவாரி கட்டாந்தரையில் உருளுவது போலாகும். ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது மற்றது தரையைத் தொடுவதும் குறையும். நீளமான, மென்மையான பட்டைதான் காட்டில் நன்றாக வளைந்து கொடுக்கும். அதே பட்டைதான் அதிகம் முறுக்கும். இந்த இழுபறியிலிருந்து வெளியே வரத்தான் பார். முறுக்கை வேறொருவர் தாங்கினால் பட்டையை மென்மையாகவே வைத்துக்கொள்ளலாம்.

ட்ராக்‌ஷன் பார் எப்படி வேலை செய்கிறது?

பின் ஆக்ஸில் ஹவுசிங்கில் மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் பிடித்து, முன்னால் போகப் போக ஒன்றாகக் குவியும் முக்கோணச் சட்டம் அது. குவிந்த முனை சேஸிஸின் குறுக்குச் சட்டத்தோடு இணைகிறது. ஹவுசிங் திரும்பப் பார்த்தால் பாரின் முன்முனை மேலே எழும்ப வேண்டும். அங்கே சேஸிஸ் இருக்கிறது, விடாது. ஆகவே ஹவுசிங்கும் திரும்பாது.

முன்முனையில் ஷேக்கிள் எதற்கு? நேராகப் போல்ட் போட்டு இறுக்கினால் என்ன?

பார் போட்டுவிட்டு “வண்டி விறைத்துப்போச்சு” என்று வருகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் இதுதான் தவறு.

ஸ்பிரிங் அமுங்கும்போது பட்டை நிமிர்ந்து நீள்கிறது, ஆக்ஸில் சற்றே பின்னால் நகர்கிறது. தொங்கும்போது முன்னால் வருகிறது. அது ஸ்பிரிங்கின் முன் கண்ணை மையமாகக் கொண்ட ஒரு வளைவு. பாரின் முன்முனையை ஒரே இடத்தில் இறுக்கிவிட்டால், பாருக்கென்று தனியாக ஒரு மையமும் ஒரு வளைவும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு குழியிலும் பட்டையும் பாரும் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளும். கடைசியில் பிராக்கெட் பிய்யும், அல்லது பட்டையின் கண் விரியும்.

ஷேக்கிள் இருந்தால் பார் முன்னும் பின்னும் தாராளமாக நகரும். மேலும் கீழும் மட்டும் நகராது. முறுக்கைத் தடுக்க அந்த ஒரு திசை போதும். ஆகவே ஷேக்கிள் செங்குத்தாகத் தொங்க வேண்டும். வண்டி சமதரையில் தன் முழு எடையில் நிற்கும்போது அது நேர்க்கோட்டில் இருக்கும்படி பிராக்கெட்டை வையுங்கள். 75 முதல் 100 மி.மீ. நீளம் பெரும்பாலும் போதுமானது. 100 மி.மீ. ஷேக்கிளில் பார் 20 மி.மீ. நகர்ந்தால் அது சாய்வது சுமார் 11 டிகிரிதான். ரொம்பக் குட்டையான ஷேக்கிள் அதே நகர்வில் படுத்துவிடும். படுத்த ஷேக்கிள் எதையும் தாங்காது.

இன்னொரு அசைவும் உண்டு. ஒரு சக்கரம் பாறையிலும் மற்றது குழியிலும் இருக்கும்போது ஆக்ஸில் பக்கவாட்டில் சாய்கிறது. பார் தன் நீளத்தை அச்சாகக் கொண்டு திரும்ப வேண்டும். அதற்கு முன்முனையில் எல்லாப் பக்கமும் திரும்பும் பந்து மூட்டு வேண்டும். வெறும் ரப்பர் புஷ் சிறிய சாய்வுக்குச் சரி, பெரிய சாய்வில் கிழிந்துவிடும்.

பார் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

இடம் கொடுக்கிற வரைக்கும் நீளமாக. குறைந்தபட்சம் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளமாவது.

ஆக்ஸில் 10 செ.மீ. மேலே எழுந்தால், 1 மீட்டர் பார் ஆக்ஸிலை ஏறக்குறைய 5.7 டிகிரி திருப்பும். அரை மீட்டர் பார் 11.5 டிகிரி திருப்பும். பட்டையோ ஆக்ஸிலைப் பெரிதாகத் திருப்பாமல் நேராகத் தூக்க முயலும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் பட்டையே நெளிந்து ஈடுகட்ட வேண்டும். எதைத் தடுக்கப் பார் போட்டோமோ அதையே குட்டைப் பார் உண்டாக்கும்.

சேஸிஸில் விழும் விசையும் நீளத்தைப் பொறுத்ததே. மேலே சொன்ன 3,000 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு, 1 மீட்டர் பார் தன் முன்முனையில் சேஸிஸை 300 கிலோ விசையோடு மேலே தள்ளும். அரை மீட்டர் பார் 600 கிலோ விசையோடு தள்ளும். அது வண்டியின் பின்பக்கத்தை எழுப்பிவிட்டு, குதிப்பைத் திரும்பக் கொண்டுவரும்.

ஷாஃப்ட்டின் முன் கிராஸும் பாரின் முன்முனையும் கிட்டத்தட்ட ஒரே நேரில் அமைந்தால் இன்னும் நல்லது. பினியனும் ஷாஃப்ட்டும் சேர்ந்தே திரும்பும். ஜிப்சியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து பிரிந்து தனியாக இருப்பதால் அதன் அருகே ஒரு குறுக்குச் சட்டம் வைக்கலாம். 80 அங்குல வீல்பேஸ் உள்ள சிஜே3பி-யில் பின் ஷாஃப்ட் மிகக் குட்டை. அங்கே பாரைத் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பக்கவாட்டில் கொண்டுபோய் நீளத்தைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரு பார் போதுமா, இரண்டு வேண்டுமா?

மெதுவாகப் பாறை ஏறும் வண்டிக்கு ஒன்றே போதும், ஒன்றே சிறந்தது. இரண்டு முக்கோணப் பார்களை ஹவுசிங்கோடு இறுக்கிப் பிடித்தால், வண்டி பக்கவாட்டில் சாயும்போது இடது பார் ஒரு கோணத்திலும் வலது பார் வேறு கோணத்திலும் நிற்க வேண்டும். நடுவிலுள்ள ஹவுசிங் முறுக்கப்படும். அதாவது உங்களை அறியாமல் ஒரு கனமான ஆன்டி ரோல் பாரை (பக்கவாட்டுச் சாய்வைத் தடுக்கும் கம்பியை) பொருத்திவிட்டீர்கள். சக்கரம் தூக்கும், பிராக்கெட் வெடிக்கும். நேர்ச்சாலையில் இழுவைப் பந்தயம் ஓடும் வண்டிகளில் இரண்டு போடுகிறார்கள். அங்கே ஆக்ஸில் சாய வேண்டிய அவசியமே இல்லை.

அந்த ஒரு பாரை டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்திலேயே, ஷாஃப்ட் தடையின்றி சுழல இடம்விட்டு வையுங்கள்.

சந்தையில் கிடைக்கும், ஸ்பிரிங்குக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டும் ரப்பர் முனைப் பார் பயன்படுமா?

ஸ்லாப்பர் பார் என்பார்கள். பட்டை வளையத் தொடங்கியதும் ரப்பர் முனை ஸ்பிரிங்கின் முன் கண்ணருகே போய் முட்டித் தடுக்கும். சாலை வண்டிக்குச் சரி. காட்டில் அது ஆக்ஸிலுக்கும் கீழே தொங்கும் கலப்பை, முதல் பாறையிலேயே மாட்டும். தவிர, அது ஒரு திசை முறுக்கை மட்டுமே தடுக்கும். ரிவர்ஸில் மேடு ஏறும்போது உதவாது.

எந்தப் பைப், எவ்வளவு தடிமன்?

ஜிப்சி எடையுள்ள வண்டிக்கு 38 முதல் 45 மி.மீ. வெளிவிட்டம், 4 முதல் 5 மி.மீ. சுவர் உள்ள சீம்லெஸ் பைப். தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. தகடு. போல்ட் 14 மி.மீ., 8.8 தரம். இரண்டு பக்கமும் தகடு இருந்து நடுவில் மூட்டு உட்காரும்படி, அதாவது போல்ட் இரண்டு இடத்தில் தாங்கும்படி அமையுங்கள்.

ஒற்றைப் பைப்பை நேராக ஹவுசிங்கில் வெல்டிங் செய்துவிடலாமே என்று கேட்கிறார்கள். 3,000 நியூட்டன் மீட்டர் முறுக்கும் அந்த ஒரு பைப்பின் அடியில் வளைப்பாக வந்து சேரும். மேலே சொன்ன அளவுப் பைப் அதைத் தாங்காது, வளைந்துவிடும். மேல் கீழ் என்று இரண்டு பைப்புகள் 15 செ.மீ. இடைவெளியில் இருந்தால் ஒன்று இழுபடும், ஒன்று அமுக்கப்படும். எஃகு அதை எளிதாகத் தாங்கும். ஆனால் அந்த 15 செ.மீ. இடைவெளியில் ஒவ்வொரு பிராக்கெட்டுக்கும் 20,000 நியூட்டன், ஏறக்குறைய 2 டன் விசை வருகிறது என்பதை மறக்காதீர்கள். டயர் வழுக்கிப் பிடிக்கும் அதிர்ச்சியில் இது இன்னும் ஏறும். இடைவெளியை 20 செ.மீ. ஆக்கினால் 2 டன் 1.5 டன்னாகக் குறையும். இடமிருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெல்டிங்கில் என்ன கவனிக்க வேண்டும்?

ஆக்ஸில் குழாய் நீளமாக ஒரே மூச்சில் வெல்டிங் வாங்கினால் வளைந்துவிடும். வளைந்த ஹவுசிங்கில் பேரிங்கும் சீலும் நிலைக்காது. இரண்டு மூன்று செ.மீ. போட்டு ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு மூன்று செ.மீ. என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். நடுப்பகுதி வார்ப்பிரும்பாக உள்ள ஆக்ஸில்களில் பிராக்கெட் எஃகுக் குழாயின் மேல் மட்டுமே உட்காரட்டும். வார்ப்பில் சும்மா வெல்டிங் போட்டால் ஆறும்போதே விரிசல் விடும்.

எர்த் கிளாம்ப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் டாங்கும் அதன் குழாய்களும் அருகில் இருந்தால் முழுக்க இறக்கி வெளியே வையுங்கள், ஈரச் சாக்குப் போட்டு மூடினால் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சேஸிஸ் தகடு மெல்லியது. பாரின் முன் பிராக்கெட்டை அதில் நேராக ஒட்டாமல், இரண்டு சேஸிஸ் கால்களுக்கும் நடுவே தடித்த குறுக்குச் சட்டம் வைத்து, அதன் முனைகளில் அகலத் தகடுகளால் போல்ட் போட்டு இணைப்பது நல்லது. கியர்பாக்ஸ் வேலைக்குக் கழற்றவும் வசதி.

இறுதி வெல்டிங்குக்கு முன் எல்லாவற்றையும் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி, ஆக்ஸிலை முழுக்க அமுக்கியும், முழுக்கத் தொங்கவிட்டும், ஒரு பக்கம் மட்டும் தூக்கியும் பாருங்கள். ஷாஃப்ட், சைலன்சர், பிரேக் குழாய், பெட்ரோல் டாங்க் எதிலும் பார் உரசக் கூடாது. ஜாக்கி மட்டும் வைத்து வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வேண்டும்.

பினியன் கோணத்தை மாற்ற வேண்டுமா?

இரண்டு சாதாரணக் கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால் பினியனும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அவுட்புட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மேல்முனையில் இரட்டைக் கிராஸ் உள்ள ஷாஃப்ட் என்றால் பினியன் நேராக அதைப் பார்க்க வேண்டும். பார் இல்லாத வண்டியில், இழுக்கும்போது மேலே எழும் என்று முன்கூட்டியே பினியனை ஓரிரு டிகிரி கீழே வைப்பார்கள். பார் வந்த பிறகு அந்த விட்டுக்கொடுப்பு ஏறக்குறைய தேவையில்லை. ஆகவே பிராக்கெட்டை ஒட்டும் முன், வண்டி தரையில் முழு எடையோடு நிற்கும்போது கோணத்தை அளந்து உறுதிசெய்யுங்கள். ஒட்டிய பிறகு மாற்ற முடியாது. கீழ்ப் பிராக்கெட்டில் திருகி நீளம் மாற்றும் மூட்டு வைத்தால் பிற்பாடு ஓரிரு டிகிரி திருத்தலாம், அந்தச் செலவு வீண் இல்லை.

முன் ஆக்ஸிலுக்கும் வேண்டுமா?

முன்னால் பினியன் பின்னோக்கிப் பார்ப்பதால் அது கீழே இறங்கப் பார்க்கும். கூடவே ஸ்டீயரிங்கின் காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வும்) மாறும். ஆனால் மேட்டில் எடை பின்னால் போய்விடுவதால் முன் ஆக்ஸில் தள்ளும் விசை குறைவு. ஸ்பிரிங்கை மேலே மாற்றிய வண்டியில் முன்னாலும் முறுக்கம் தெரியும், அதுவும் ரிவர்ஸில் ஏறும்போதும் பிரேக் பிடிக்கும்போதும். முதலில் அரைப்பட்டை முயன்று பாருங்கள். முன்னால் பார் வைக்க எஞ்சின் ஆயில் தட்டும் ஸ்டீயரிங் கம்பிகளும் இடம் விடுவதில்லை.

பிரேக் பிடிக்கும்போது பார் என்ன செய்யும்?

பின் டிரம் பிரேக் ஹவுசிங்கில்தான் பிடித்திருக்கிறது. பிரேக் அழுத்தினால் ஹவுசிங் எதிர்த்திசையில், பினியன் மூக்கு கீழே போகும்படி திரும்பப் பார்க்கும். ஷேக்கிள் உள்ள முக்கோணப் பார் அதையும் தடுக்கும். இறக்கத்தில் பிரேக் போடும்போது பின்பக்கம் தட்டிக்கொண்டிருந்த வண்டிகளில் அந்தத் தட்டலும் நிற்கும்.

சட்டப்படி இதற்கு அனுமதி உண்டா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. வண்டியின் உயரம், டயர் அளவு, ஸ்பிரிங்கின் இடம் எல்லாம் மாறிய வண்டி பொதுச்சாலையில் ஓடுவது சிக்கலே. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு இழப்பீடு மறுக்கப்பட்டால் பட்டறைக்காரர் வந்து உதவ மாட்டார். தனியார் நிலத்தில் மட்டும் ஓடும், டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கு இந்தக் கவலை குறைவு.

பொருத்திய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

முதல் 100 கிலோமீட்டரில் ஒரு முறையும், முதல் காட்டு ஓட்டம் முடிந்த அன்றே இன்னொரு முறையும் யூ போல்ட், பார் போல்ட், குறுக்குச் சட்டத்தின் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். வெல்டிங் ஓரங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் தேடுங்கள். பெயிண்ட்டில் மயிரிழைபோல் துருக்கோடு தெரிந்தால் அதன் அடியில் விரிசல் இருக்கும். பந்து மூட்டுக்குக் கிரீஸ் நிப்பிள் இருந்தால் சேற்றில் இறங்கிய ஒவ்வொரு முறையும் கிரீஸ் அடியுங்கள். ஷேக்கிள் நிற்கும் கோணத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பட்டை காலப்போக்கில் தளர்ந்து வண்டி தாழ்ந்தால் ஷேக்கிளும் சாயும். அப்போது மாற்ற வேண்டியது பட்டையை, பாரை அல்ல.